கைத்துப்பாக்கி: வகைகள், இயங்கும் விதம், பராமரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களும், உரிமம் வாங்கிய பிறகு கையிலிருப்பதை எப்படிப் பேணுவது என்று தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவரால்தான் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாள முடியும். அதனால் பராமரிப்புக்கு முன்னால் இயங்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

தோட்டாவும் குண்டும் ஒன்றுதானா?

இல்லை. தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பெரும்பாலும் பித்தளையாலான கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. ஃபயரிங் பின் என்ற ஊசி பிரைமரைக் குத்துகிறது, பிரைமர் தீப்பொறி தருகிறது, மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டு வெளியே போய்விடும், கூடு துப்பாக்கிக்குள்ளேயே நிற்கும். அந்தக் கூட்டை எப்படி வெளியேற்றி அடுத்த தோட்டாவை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு ஒவ்வொருவரும் கண்ட விடைதான் ரிவால்வர், பிஸ்டல் என்ற வகைகள்.

கைத்துப்பாக்கியில் என்னென்ன வகைகள்?

ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா போட்டுச் சுடும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் சிறு துப்பாக்கிகள் ஒரு வகை. டெரிஞ்சர் என்று அழைக்கப்படுபவை இதில் சேரும். இலக்குச் சுடும் போட்டிகளில் சிலவற்றில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள் இன்றும் உண்டு.

சுழலும் சிலிண்டரில், தோட்டா உட்காரும் அறைகள் ஐந்து, ஆறு அல்லது அதற்கு மேலும் கொண்டது ரிவால்வர். ஒரே அறையும், தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினும் கொண்டது செமி ஆட்டோமேடிக் பிஸ்டல். இதில் விசையை (டிரிகரை) ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அடுத்ததற்கு விசையை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். 'ஆட்டோமேடிக்' என்ற பெயரைக் கேட்டு, விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் சரமாரியாகச் சுடும் என்று பலர் நினைக்கிறார்கள். தானாக நடப்பது அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலை மட்டுமே.

ரிவால்வர் எப்படி இயங்குகிறது?

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் சாரம் இன்றும் மாறவில்லை. ஹேமர் என்ற சுத்தியல் போன்ற உறுப்பு பின்னால் போகும்போது ஒரு சிறு நெம்பு மேலெழுந்து, சிலிண்டரின் பின்புறத்துப் பற்களில் ஒன்றைத் தள்ளி, அடுத்த அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவருகிறது. அதே வேளையில் சட்டத்தின் (ஃபிரேமின்) அடியிலிருந்து ஒரு தாழ் எழுந்து சிலிண்டரின் பக்கவாட்டுப் பள்ளத்தில் விழுந்து அதை அசையாமல் பிடிக்கிறது. அதன் பிறகுதான் ஹேமர் விழ வேண்டும். இந்த ஒழுங்கு துளி பிசகினாலும் அறை குழலுக்கு நேராக நிற்காது. குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே சுமார் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருக்கும். சுடும்போது அந்த இடுக்கு வழியாகக் கொதிக்கும் வாயு இருபக்கமும் பீய்ச்சும். அதனால் இடது கை விரல்கள் சிலிண்டருக்கு முன்னால் போகவே கூடாது. பிஸ்டலை இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டிப் பிடித்துப் பழகியவர்கள் ரிவால்வருக்கு மாறும்போது பிடியையும் மாற்றியே ஆக வேண்டும். 1895 மாடல் நாகன்ட் போன்ற மிகச் சிலவற்றில் சிலிண்டர் முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அது விதிவிலக்கு.

சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன் என்றால் என்ன?

விசை எத்தனை வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். சிங்கிள் ஆக்‌ஷனில் விசை ஹேமரை விடுவிக்க மட்டும் செய்யும். ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்துவது கட்டைவிரலின் வேலை, பிஸ்டலாக இருந்தால், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் வேலை. டபுள் ஆக்‌ஷனில் ஹேமரைத் தூக்குவது, விடுவிப்பது இரண்டையுமே விசை செய்கிறது. அதனால்தான் இழுவை நீளமாகவும் கனமாகவும் இருக்கிறது. பொதுவாக டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் விசையை இழுக்க 4.5 முதல் 5.5 கிலோ வரை வலு தேவை. ஹேமரை முன்கூட்டியே இழுத்து வைத்தால் அதில் பாதிகூட வேண்டாம்.

பிஸ்டலில் டபுள் ஆக்‌ஷனை வெற்றிகரமாகக் கொண்டுவந்தது 1929இல் வந்த வால்தர் பி.பி. அவ்வகைப் பிஸ்டல்களில் முதல் சுடுகை நீளமான கனமான இழுவை. ஸ்லைடு பின்னால் போய் ஹேமரை நிறுத்திவிடுவதால் இரண்டாவதிலிருந்து இலகுவான இழுவை. ஒரே துப்பாக்கியில் இரண்டு விதமான விசைக்கும் விரல் பழக வேண்டும். இலகுவான இழுவையில் நிற்கும் ஹேமரைப் பாதுகாப்பாக இறக்க டீகாக்கர் என்ற நெம்பு பல பிஸ்டல்களில் இருக்கும். அது இருக்கும்போது கட்டைவிரலால் ஹேமரை இறக்க முயலாதீர்கள்.

பழைய ரிவால்வர்களில் ஆறு அறை இருந்தும் ஐந்து தோட்டா மட்டும் போடச் சொல்வது ஏன்?

1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி போன்ற வடிவமைப்புகளில், ஹேமர் இறங்கியிருக்கும்போது அதன் முனை தோட்டாவின் பிரைமர் மேலேயே உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டால் வெடித்துவிடும். அதனால் ஹேமருக்கு நேரான அறையைக் காலியாக வைப்பது வழக்கம். இன்றைய ரிவால்வர்கள் பெரும்பாலானவற்றில் டிரான்ஸ்ஃபர் பார் அல்லது ஹேமர் பிளாக் உண்டு. விசையை முழுதாக இழுத்தால் ஒழிய ஹேமரின் அடி தோட்டாவைச் சேராது. உங்களிடம் இருப்பது பழையதா புதியதா என்று தெரியாவிட்டால், ஹேமருக்கு நேரான அறை காலியாகவே இருக்கட்டும்.

பிஸ்டலில் ஒருமுறை சுடும்போது உள்ளே என்னவெல்லாம் நடக்கிறது?

குண்டு முன்னால் போக, அதே வலுவோடு கூட்டின் அடிப்பாகம் ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. ஸ்லைடிலுள்ள கொக்கி கூட்டின் விளிம்பைப் பிடித்து அறையிலிருந்து இழுக்கிறது. எஜெக்டர் என்ற முனை அதை எதிர்ப்பக்கம் முட்ட, கூடு வெளியே பறக்கிறது. ஸ்லைடு பின்னால் போகும் வழியிலேயே ஹேமரை நிறுத்திவிடுகிறது. ரீகாயில் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளத் தொடங்கியதும், மேகசினின் உச்சியில் நிற்கும் தோட்டாவை அடியில் உந்தி அறைக்குள் ஏற்றி மூடுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். விரல் விசையை அழுத்தியபடியே இருந்தாலும் இரண்டாவது முறை வெடிக்காதிருக்கக் காரணம் டிஸ்கனெக்டர் என்ற சிறு உறுப்பு. ஸ்லைடு அசைந்ததும் அது விசைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: கடைசிச் சுடுகை தவிர ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அறையில் புதுத் தோட்டா ஒன்று தயாராக நிற்கிறது. நீங்கள் எதுவும் செய்யாமலே.

ப்ளோபேக், லாக்டு பிரீச் என்கிறார்களே?

குண்டு குழலைத் தாண்டி, உள்ளே அழுத்தம் குறையும்வரை அறை மூடியே இருக்க வேண்டும். சீக்கிரம் திறந்தால் பித்தளைக் கூடு கிழியும். .380 ஏ.சி.பி. போன்ற வலு குறைந்த தோட்டாக்களுக்கு ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் வலுவும் அந்த நொடித்துளியைத் தாமதப்படுத்தப் போதும். இது ப்ளோபேக். மகரோவ் பிஸ்டல் இவ்வகை.

9×19 மி.மீ. தோட்டாவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. .380க்கு 21,500தான். அவ்வளவு அழுத்தத்தை எடையால் மட்டும் தாங்க வேண்டுமானால் ஸ்லைடு மிகவும் கனமாகிவிடும். அதனால் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் போய், பிறகு குழலின் பின்பகுதி கீழே சாய்ந்து விடுபடும். இது லாக்டு பிரீச். ஜான் பிரௌனிங் தந்த இந்த ஏற்பாடு 1911ஆம் ஆண்டு அமெரிக்கப் படை ஏற்ற எம்1911 பிஸ்டலில் வந்தது. இன்றைய பிஸ்டல்களில் மிகப் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. பெரெட்டா 92 போன்ற சிலவற்றில் குழல் சாயாமல் நேராகப் பின்னால் போகும், தனியொரு பூட்டுக்கட்டை கீழிறங்கி விடுவிக்கும்.

பராமரிப்புக்கு இது ஏன் தேவை? பூட்டும் இடங்கள்தான் அதிகம் உரசும் இடங்கள். எண்ணெய் எங்கே வேண்டும் என்பதை இதுவே சொல்லிவிடும்.

ஹேமரே இல்லாத பிஸ்டல் எப்படிச் சுடுகிறது?

ஸ்லைடுக்குள் ஸ்பிரிங்கோடு கூடிய ஸ்ட்ரைக்கர் இருக்கும். அது நேராக முன்னால் பாய்ந்து பிரைமரைக் குத்தும். ஆஸ்திரியப் படை 1982இல் ஏற்ற க்ளாக் 17க்குப் பிறகு, பாலிமர் சட்டமும் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்த வடிவம் உலகெங்கும் பரவியது. க்ளாக்கில் கையால் போட்டு எடுக்கும் சேஃப்டி கிடையாது. விசையின் நடுவிலுள்ள சிறு தகடு, ஃபயரிங் பின் தடுப்பு, விழுந்தால் வெடிக்காமல் காக்கும் ஏற்பாடு என்று மூன்றும் விசையை இழுக்கும்போது தானாக விடுபடும். விசைமேல் விரலோ துணியோ பட்டு அழுத்தினால் அது சுடும். விசைக்காப்பை (விசையைச் சுற்றிய வளையத்தை) முழுதாக மூடாத உறையில் இதை வைக்கக் கூடாது.

சேஃப்டி என்பது ஓர் இயந்திர உறுப்பு. தேயும், உடையும், அழுக்கேறும். சேஃப்டி போட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் குழல் வாயை யார் பக்கமும் திருப்பாதீர்கள்.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலிதானே?

காலியில்லை. இந்தப் பக்கத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். மேகசினைக் கழற்றினாலும் அறையிலுள்ள தோட்டா அங்கேயேதான் இருக்கும். பிரௌனிங் ஹைபவர் போன்ற சிலவற்றில் மேகசின் இல்லாதபோது விசை வேலை செய்யாது. பெரும்பாலானவற்றில் வேலை செய்யும்.

காலி செய்யும் முறை இது. விரல் விசைக்காப்புக்கு வெளியே, குழல் வாய் பத்திரமான திசையில். முதலில் மேகசினைக் கழற்றித் தள்ளி வையுங்கள். பிறகு ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுங்கள், அறையில் தோட்டா இருந்தால் வெளியே விழும். ஸ்லைடைப் பின்னாலேயே பூட்டி நிறுத்துங்கள். வெளிச்சத்தில் அறைக்குள் பாருங்கள், சுண்டுவிரல் நுனியை விட்டுத் தடவியும் பாருங்கள். மேகசின் செருகும் துளையையும் பாருங்கள். கண் வேறொரு பக்கம் திரும்பிவிட்டுத் திரும்ப வந்தால் மறுபடியும் பாருங்கள்.

வரிசை மாறினால் ஆபத்து. மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் அறையிலிருந்த தோட்டா வெளியே விழும். அது விழுந்ததைக் கண்ணால் பார்த்த நிம்மதியில் ஸ்லைடை விட்டால், அடுத்த தோட்டா ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, காலி என்று நினைத்துக்கொண்டு நிற்போம். க்ளாக்கைப் பிரிக்கும்போது ஒரு கட்டத்தில் விசையை இழுத்தாக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். சுத்தம் செய்யும்போது வெடித்தது என்று கேள்விப்படும் விபத்துகள் பல இப்படித்தான் நடக்கின்றன.

9 மி.மீ., .38, .45 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

தோராயமாகக் குண்டின் விட்டத்தை. ஆனால் எண்ணை மட்டும் நம்பித் தோட்டா வாங்கக் கூடாது. 9×17, 9×18, 9×19 மூன்றுமே '9 மி.மீ.'தான், ஒன்றின் துப்பாக்கியில் மற்றொன்று போகக் கூடாது. .38 ஸ்பெஷல் குண்டின் விட்டம் உண்மையில் .357 அங்குலம். அதனால் .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம். மறுதலை ஆகாது. மேக்னம் கூடு சுமார் 3 மி.மீ. நீளமாக வைக்கப்பட்டதே அது .38 அறைக்குள் நுழையாதிருக்கத்தான். குழலில் பொறித்திருக்கும் பெயரும், தோட்டாப் பெட்டியில் உள்ள பெயரும், கூட்டின் அடியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

குழலுக்குள் தெரியும் சுருள் கோடுகள் எதற்கு?

குண்டைச் சுழற்றிவிட. சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதுபோல, சுழலும் குண்டு காற்றில் தலைகுப்புறப் புரளாமல் போகும். அந்தப் பள்ளங்களில் ஈயமும் செம்பும் படிந்தால் துல்லியம் குறையும்.

ரிவால்வரா, பிஸ்டலா, எது நல்லது?

புதிதாகக் கற்பவருக்கு ரிவால்வரின் நிலை பார்வைக்கே தெரிந்துவிடும்: சிலிண்டரைத் திறந்தால் எல்லா அறைகளும் கண்முன். ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் அடுத்த அறை சுழன்று வரும். பிஸ்டலில் தோட்டாக்கள் அதிகம், விசை பழகுவது சுலபம், நிரப்புவது வேகம். ரிவால்வர் எளிமையானது என்பார்கள். அது கையாளுவதில் மட்டும். உள்ளமைப்பு பிஸ்டலைவிட நுணுக்கமானது, பழுதானால் வீட்டில் சரிசெய்ய முடியாது. என்னைக் கேட்டால் எந்த வகையானாலும் முதல் பயிற்சி .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் இருக்கட்டும். சத்தமும் உதைப்பும் குறைவு, அதனால் விசை இழுக்கும்போது கண்ணை மூடும் கெட்ட பழக்கம் ஒட்டாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

சுட்ட ஒவ்வொரு முறையும், அன்றே. சுடாமல் வைத்திருந்தால் மாதம் ஒருமுறை எடுத்துத் துருவும் ஈரமும் பார்க்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள இடங்களில் இன்னும் அடிக்கடி.

பிஸ்டலைச் சுத்தம் செய்யும் முறை என்ன?

மேலே சொன்னபடி காலி செய்யுங்கள். எல்லாத் தோட்டாக்களையும் வீட்டின் வேறோர் அறையில் வையுங்கள். சுத்தம் செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பிரிப்பது கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும். பெரும்பாலும் ஸ்லைடு, ரீகாயில் ஸ்பிரிங், குழல், சட்டம் என்று நான்கு துண்டுகள், அதற்குமேல் வேண்டாம். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

குழலில் கரைப்பான் நனைத்த துணித்துண்டை ஒருமுறை தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அடுத்துப் பித்தளை அல்லது வெண்கலத் தூரிகை, எப்போதும் அறைப் பக்கமிருந்து குழல் வாயை நோக்கி. தூரிகை மறுமுனையில் முழுதாக வெளிவந்த பிறகுதான் திருப்பி இழுக்க வேண்டும். நடுவில் திருப்பினால் இழைகள் மடங்கும். பிறகு புதுத் துணித்துண்டுகள். முதல் துண்டு கரிக்கறுப்பாக வரும், போகப்போகச் சாம்பல் நிறம். பச்சை கலந்த நீலம் தெரிந்தால் அது செம்பு, இன்னும் கொஞ்சம் ஊற வேண்டும். துண்டு வெள்ளையாகவே வெளிவரும்போது நிறுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பள்ளங்கள் விளிம்பு தெளிந்து மின்னும். அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பான்களை நிக்கல் பூச்சுள்ள துப்பாக்கியில் பயன்படுத்தாதீர்கள், பூச்சு உரியும்.

ஸ்லைடின் முகப்பு, கூட்டை இழுக்கும் கொக்கியின் அடி, அறைக்கு ஏறும் சரிவு: கரி தங்கும் இடங்கள் இவை. பழைய பல்துலக்கி போதும். கொக்கியடியில் சேரும் கரிதான் கூடு வெளிவராமல் சிக்குவதற்கு அடிக்கடி காரணம்.

சுத்தம் செய்யும்போது எதையும் சாப்பிடாதீர்கள். கரியில் ஈயம் இருக்கும். கையுறை நல்லது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எண்ணெய் எவ்வளவு போட வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. ஸ்லைடு ஓடும் தடங்களில் ஆளுக்கொரு துளி, குழலின் வெளிப்புறத்தில் உரசித் தேய்ந்து பளபளக்கும் இடங்களில் மெல்லிய பூச்சு, டிஸ்கனெக்டர் மேல் ஒரு துளி. அவ்வளவுதான். ஸ்ட்ரைக்கர் ஓடும் குழிவில் எண்ணெய் கூடாது. அங்கே எண்ணெய் கரியோடு குழைந்து பசையாகி, ஸ்ட்ரைக்கரின் வேகத்தைக் கெடுத்து, பிரைமரில் மெல்லிய தடம் மட்டும் பதியும். மேகசினுக்குள்ளும் எண்ணெய் வேண்டாம். தோட்டாவில் எண்ணெய் பட்டால் பிரைமருக்குள் ஊறி அதைச் செயலிழக்கச் செய்யலாம். சுடுவதற்கு முன் குழலுக்குள்ளும் உலர் துணி ஒன்றை ஓட்டிவிடுங்கள்.

ரிவால்வருக்குத் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. சிலிண்டரைத் திறந்து எஜெக்டர் தண்டை அழுத்தினால் நட்சத்திர வடிவத் தகடு எழும். அதன் அடியில் எரியாத மருந்துத் துணுக்கு ஒன்று, கடுகில் பாதி அளவே இருக்கும், சிக்கியிருந்தால் போதும். தகடு சரியாக உட்காராது, சிலிண்டர் மூடக் கஷ்டப்படும், விசை இறுகும். துப்பாக்கியே பழுதாகிவிட்டது என்று பதறுகிறவர்களுக்கு ஒரு தூரிகை வீச்சில் தீர்வு கிடைக்கும். குழல் வாயை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு வெற்றுக் கூடுகளைத் தள்ளினால் துணுக்குகளும் கூடவே கீழே விழுந்துவிடும், தகட்டுக்கடியில் நுழையாது.

.357 ரிவால்வரில் .38 தோட்டாக்களையே சுட்டுக்கொண்டிருந்தால் அறைக்குள் ஒரு கரி வளையம் சேரும். பிறகு நீளமான மேக்னம் தோட்டா ஏற மறுக்கும், அல்லது வெளிவர மறுக்கும். இன்னொன்று, சினிமாவில் வருவதுபோல மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும்.

பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டால் துரு பிடிக்குமாமே?

உண்மைதான். பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகிக் குழலில் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளிலேயே துருவைக் கொண்டுவரும். எண்ணெய்வகைக் கரைப்பானில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். முதலில் சோப்பு கலந்த வெந்நீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு வழக்கமான சுத்தமும் எண்ணெயும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை, அல்லது சத்தம் வித்தியாசமாக இருந்தது. என்ன செய்வது?

வெடிக்காவிட்டால் இலக்கை நோக்கியபடியே குறைந்தது 30 வினாடி அசையாமல் காத்திருங்கள். பிரைமர் தாமதமாகப் பற்றி வெடிப்பதுண்டு. ரிவால்வரில் அந்த நேரத்தில் விசையை மறுபடி இழுக்கக் கூடாது. இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்கு நேரான இடத்திலிருந்து நகர்ந்து, அங்கே வெடிக்கலாம்.

வழக்கமான ஓசைக்குப் பதில் 'பொத்' என்ற மெல்லிய சத்தமும் உதைப்பே இல்லாத உணர்வும் வந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த குண்டைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். காலி செய்து, பிரித்து, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

வெற்றுக் கூடு ஸ்லைடிலிருந்து வெளியேறும் வாயிலில் செங்குத்தாகச் சிக்கிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் அழுக்கு, மீதிக் காரணம் தளர்ந்த பிடி. சட்டம் உறுதியாக நின்றால்தான் ஸ்லைடு முழுத்தூரம் பின்னால் போகும்.

காலித் துப்பாக்கியில் விசையை இழுத்துப் பழகலாமா?

இன்றைய சென்டர்ஃபயர் (கூட்டடியின் நடுவில் பிரைமர் உள்ள தோட்டாவைச் சுடும்) துப்பாக்கிகளில் பெரும்பாலும் கெடுதல் இல்லை. .22இல் கூடாது: ஃபயரிங் பின், கூட்டின் விளிம்பைக் குத்தும்படி அமைந்திருப்பதால், தோட்டா இல்லாதபோது அறையின் விளிம்பையே குத்திச் சிதைத்துவிடலாம். ஸ்னாப் கேப் எனும் போலித் தோட்டா போட்டுப் பழகுவது நல்லது. பழகும் இடத்தில் உண்மைத் தோட்டா இருக்கவே கூடாது.

மேகசினை நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா?

நல்ல ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால் பெரிதாகத் தளராது. அழுத்தி விடுவதை ஆயிரக்கணக்கான முறை செய்வதால்தான் தளர்கிறது. ரீகாயில் ஸ்பிரிங்கும் அப்படியே, சில ஆயிரம் சுடுகைக்கு ஒருமுறை கையேட்டில் சொன்னபடி மாற்றிவிடுங்கள். கூடுகள் வழக்கத்தைவிட அதிக தூரம் பறந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

எங்கே, எப்படி வைப்பது?

பூட்டிய பெட்டியில், காலியாக. தோட்டாக்கள் வேறொரு பூட்டிய இடத்தில். சாவி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் என்றால் போதாது, அது எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியக் கூடாது. தோல் உறைக்குள் நெடுநாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட ரசாயனங்களும் அதில் இருக்கும். உறையின் வடிவத்திலேயே துரு படியும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, அவ்வப்போது உலர்த்தி வையுங்கள். எடுத்துத் தொட்ட ஒவ்வொரு முறையும் வியர்வைத் தடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள்.

எப்போது பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்?

ஹேமரை நிறுத்திய பின் விசையைத் தொடாமல் கட்டைவிரலால் மெல்ல முன்னால் தள்ளிப் பார்க்கும்போது (காலித் துப்பாக்கியில்தான்) அது விழுந்தால். சேஃப்டி போட்டிருக்கும்போது விசை வேலை செய்தால். ஒரு இழுப்பில் இரண்டு குண்டு போனால். ரிவால்வரில் ஹேமர் முழுதாகப் பின்னால் போன பிறகும் சிலிண்டர் தாழில் விழாமல் ஆடினால், அல்லது சிலிண்டரை முன்னும் பின்னும் அசைக்கும்போது தெளிவாக இடம் கொடுத்தால். குழலில் வீக்கமோ, சட்டத்திலோ ஸ்லைடிலோ மயிரிழை வெடிப்போ தெரிந்தால். இவற்றில் எதுவானாலும் அதில் இன்னொரு தோட்டா போடாதீர்கள். அரத்தை எடுத்து நீங்களே சரிசெய்யவும் முயலாதீர்கள். விசையமைப்பின் உறுப்புகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் விளிம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதைத் தொடும் வேலை, அதற்கான உரிமமும் கருவிகளும் உள்ளவருடையது.